தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேலைகளைக் காட்டுவது எப்படி: டெல்டா ஊர்ப் பள்ளிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

நாலாம் வகுப்புக்குள் போய், “பெரியவங்களானதும் என்ன ஆகப் போறீங்க?” என்று கேட்டுப் பாருங்கள். கலெக்டர், டாக்டர், டீச்சர், போலீஸ். ஐந்தாவதாக ஒரு பதில் வருவது அபூர்வம். முதல் பெஞ்சு சொன்னதைத்தான் கடைசி பெஞ்சும் சொல்லும். சரி, கலெக்டர் காலையில் எழுந்து என்ன வேலை பார்ப்பார் என்று கேட்டால் வகுப்பே விட்டத்தைப் பார்க்கும்.

கும்பகோணம் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் பிள்ளைகளுக்கு வேலைகளை நேரில் காட்டும் பாடத்தைச் சில ஆண்டுகளாக நடத்திவருகிறேன். முதல் இரண்டு தடவை நன்றாகச் சொதப்பினேன். பிறகு அக்கம்பக்கத்துப் பள்ளிகளில் புதிதாகத் தொடங்கியவர்களும் நான் விழுந்த அதே பள்ளங்களில் விழுவதைப் பார்த்தேன். பெரும்பாலும் கோளாறு வரிசையில்தான். எல்லாரும் வேலையின் பெயரில் தொடங்குகிறார்கள். ஏழு வயசுப் பிள்ளைக்குப் பெயர் ஒட்டாது. கையும் கருவியும் முதலில் கண்ணில் பட வேண்டும், பெயர் அப்புறம் தானாக வந்து சேரும்.

மொத்தம் ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு பாடவேளை. வெள்ளிக்கிழமை மதியம் வசதி. ஒன்று முதல் ஐந்து வரை எல்லா வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்தே செய்யலாம். ஈராசிரியர் பள்ளியில் வேறு வழியும் இல்லை.

1. எந்த மாதம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து மார்ச் நடுப்பகுதிக்குள் முடித்துவிடுங்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்திருக்கும், மழையும் ஓய்ந்திருக்கும். சம்பா அறுவடை நடக்கும், அரசு நெல் கொள்முதல் நிலையங்கள் திறந்திருக்கும், சாலையில் அறுவடை இயந்திரமும் லாரியும் போய்க்கொண்டிருக்கும். ஊரே வேலை செய்துகொண்டிருக்கிற நேரத்தில் வேலையைக் காட்டுவது சுலபம்.

ஜூனில் தொடங்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ஆம் தேதி திறக்கும், சில நாளில் கல்லணையும் திறக்கும், ஆற்றில் தண்ணீர் வரும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் கூப்பிட நினைக்கும் எவருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. நமக்கும் சேர்க்கை, புத்தகம் வழங்கல் என்று தலைக்கு மேல் வேலை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை விடுமுறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு வாரம் நடந்து மூன்று வாரம் அறுந்தால் பிள்ளைகள் முழுசாக மறந்துவிடுவார்கள்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கக் கடலோரப் பள்ளிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஏலம் போடுவதையும் மீன் இறக்குவதையும் காட்ட நினைத்தால் அதற்கு முன்பே போய்விட வேண்டும்.

2. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஆளுக்கு ஒரு கோடு போடாத 40 பக்க நோட்டு, நாலைந்து சார்ட், ஸ்கெட்ச் பேனா, ஓர் அளவு டேப், ஒலி நன்றாகக் கேட்கும் கைபேசி. பொருளாக இவ்வளவுதான். மற்றதெல்லாம் அனுமதியும் சொல்லி வைப்பதும்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். நான் முதல் தடவை பேசவில்லை. பள்ளி மைதானத்தில் ஒரு கைப்பிடி நாற்று வைத்து நடவு எப்படி என்று காட்டியதற்கு மறுநாள் காலை ஓர் அம்மா வாசலில் நின்றார். “நான்தான் சேத்துல நிக்கிறேன், எம் புள்ளையும் நாத்து நடவா பள்ளிக்கூடம் அனுப்புறேன்?” அவர் கேட்டதில் தப்பே இல்லை. இது வேலை பழக்கும் பயிற்சி இல்லை, உலகத்தில் என்னென்ன வேலை இருக்கிறது என்று அறியும் பாடம் என்பதைத் தொடங்கும் முன்பே பெற்றோரிடம் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. சொன்ன பிறகு அதே அம்மா நாற்றுமுடி கட்டுவது எப்படி என்று வந்து காட்டினார்.

14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். எங்கே போனாலும் பிள்ளைகள் பார்ப்பார்கள், கேட்பார்கள், தொடச் சொன்னால் தொடுவார்கள். அதோடு சரி. மூட்டையைத் தள்ளிக் கொடு, செங்கல்லை எடுத்துக் கொடு என்று யாராவது விளையாட்டுக்குச் சொன்னாலும் விடாதீர்கள்.

ஊரை விட்டு வெளியே போவதாக இருந்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் அனுமதி, பெற்றோரிடம் கையெழுத்து. இரண்டுக்கும் இரண்டு வாரம் ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

3. இரண்டு கேள்விகளை மூட்டை கட்டிப் பரணில் போடுங்கள்

“உங்க அப்பா என்ன வேலை பார்க்கிறார்?” இது முதலாவது. புதிதாகச் செய்பவர்கள் அத்தனை பேரும் இதில்தான் தொடங்குகிறார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு பிள்ளைக்கு அப்பா இருக்க மாட்டார். ஒரு பிள்ளையின் அப்பா மூன்று மாதமாக வேலையில்லாமல் வீட்டில் இருப்பார். முடி வெட்டுபவர், துணி வெளுப்பவர், பறை அடிப்பவர், சாக்கடை அள்ளுபவர் என்று சில வேலைகளை நம் ஊரில் இன்றும் சாதியோடு சேர்த்தே பார்க்கிறார்கள். வகுப்பில் அந்தக் கேள்விக்கு எழுந்து நின்று பதில் சொல்லும் பிள்ளை வேலையை மட்டுமா சொல்கிறது? தெருவையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. ஒரு பையன் “கூலி” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அவன் அப்பா அருமையான கொத்தனார். எனக்கு அது அப்போது தெரியாது.

“நீ என்ன ஆகப் போறே?” இது இரண்டாவது. இதற்குப் பிள்ளை சொல்லும் பதில் பெரும்பாலும் நம்மைச் சந்தோஷப்படுத்தச் சொல்லும் பதில்தான். ஆறு வாரமும் இதைக் கேட்க வேண்டாம். வரும் விருந்தாளிகளிடமும் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவர்கள் வாயில் முதலில் வருவதே இதுதான்.

இந்த இரண்டுக்கும் பதிலாக ஒரே கேள்வி: “இன்னிக்கு யார் என்ன வேலை செஞ்சதைப் பார்த்தே?”

4. முதல் வாரம்: வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை

திங்கள்கிழமை காலை பிள்ளைகள் வந்ததும் நோட்டைக் கொடுத்து, வழியில் வேலை செய்துகொண்டிருந்த எத்தனை பேரைப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். இரண்டு, மூன்று என்பார்கள். மறுநாளும் அதே கேள்விதான் வரும் என்று சொல்லி அனுப்புங்கள். செவ்வாய்க்கிழமை எண்ணிக்கை கூடும். பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோனவர், டீ ஆற்றியவர், குப்பை வண்டி தள்ளிய தூய்மைக் காவலர், மினி பஸ் ஓட்டுநர், கண்டக்டர், பூ கட்டியவர், கம்பத்தில் ஏறிய லைன்மேன், காலை உணவு சமைத்த மகளிர் குழு அக்கா. ஒரே வாரத்தில் எங்கள் சார்ட்டில் 40-ஐத் தாண்டியது.

ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் படம் வரையட்டும். மூன்றிலிருந்து ஐந்து வரை உள்ளவர்கள் நோட்டில் மூன்று கட்டம் போடட்டும்: என்ன செய்தார், கையில் என்ன இருந்தது, யாருக்காகச் செய்தார். வேலையின் பெயருக்குக் கட்டம் வேண்டாம். பெயர் தெரியாத வேலையைத்தான் பிள்ளை நன்றாகக் கவனித்து எழுதும். “கம்பத்துல ஏறி, இடுப்புல கயிறு மாட்டி, கட்டிங் பிளேயர வாயில கடிச்சிருந்தார்” என்று எழுதிய பையனுக்கு லைன்மேன் என்ற சொல் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்தியிருப்பான்.

இந்த வாரமே திருத்த வேண்டியது ஒன்று உண்டு. நோட்டுகளைப் புரட்டினால் “டாக்டர் வந்தார்”, “சார் வந்தார்” என்றும், அடுத்த வரியிலேயே “குப்பைக்காரி வந்தாள்”, “மாடு மேய்க்கிற ஆளு வந்துச்சு” என்றும் இருக்கும். பிள்ளைகள் வேண்டுமென்று எழுதுவதில்லை. வீட்டில் கேட்டது கையில் வருகிறது. எல்லாருக்கும் “ஆர்” விகுதி என்று ஒரே விதி போடுங்கள். மரியாதை பற்றித் தனியாக வகுப்பெடுக்க வேண்டாம், இலக்கணப் பிழை திருத்துவது போலச் சிவப்பு மையில் திருத்தினால் போதும். மூன்றாம் வாரத்துக்குள் பேச்சிலும் மாறிவிடும்.

5. இரண்டாம் வாரம்: சோற்றுத் தட்டிலிருந்து பின்னோக்கிப் போங்கள்

இந்தப் படிதான் மொத்தத்துக்கும் முதுகெலும்பு. அவசரப்படாமல் செய்யுங்கள்.

தனித்தனி வேலைகளாகவே பார்த்துக்கொண்டிருந்தால் பிள்ளைகள் அவற்றை மேல், கீழ் என்று அடுக்கத் தொடங்குவார்கள். ஒரு பொருளைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால், ஒருவர் கையை இன்னொருவர் கை பிடித்திருப்பது தெரியும். நமக்கு அந்தப் பொருள் மதியம் தட்டில் இருக்கும் சோறு.

“இதை யார் தந்தாங்க?” என்று தொடங்குங்கள். பரிமாறியவர் சமையல் உதவியாளர், வடித்தவர் சமையலர், அளந்து கொடுத்து ஏட்டில் எழுதியவர் சத்துணவு அமைப்பாளர். அதற்கு முன்? லாரி ஓட்டுநர், கிடங்கில் மூட்டை அடுக்கியவர், அரவை ஆலையில் இயந்திரம் பார்த்தவர், கொள்முதல் நிலையத்தில் எடை போட்டவர், சாக்கு தைத்தவர், பட்டியல் எழுதியவர், அடங்கல் என்னும் பயிர்க் கணக்கைக் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர். இன்னும் பின்னால் போனால் அறுவடை இயந்திரம் ஓட்டியவர், வண்டி நின்றால் பழுது பார்க்கும் மெக்கானிக், மருந்து அடித்தவர், களை எடுத்தவர்கள், நாற்றுப் பறித்தவர்கள், நட்டவர்கள், உழவு ஓட்டியவர், வாய்க்கால் மதகைத் திறந்து மூடும் பணியாளரான லஸ்கர். ஒவ்வொருவரையும் ஒரு துண்டு அட்டையில் எழுதி, கயிற்றில் துணி காயப்போடுவது போலக் கிளிப் போட்டு மாட்டுங்கள். எங்கள் கயிறு கதவைத் தாண்டி வராந்தாவுக்கு வந்துவிட்டது.

விதை என்று வந்ததும் நில்லுங்கள். “ஆடுதுறை 45” என்று வீட்டில் பேசுவதைப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். அது ஓர் ஊர், அங்கே 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, இரண்டு நெல்லைச் சேர்த்துப் புது நெல் உண்டாக்குவதையே வேலையாகச் செய்பவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். விஞ்ஞானி என்ற சொல் அப்போதுதான் முதன்முதலில் வகுப்புக்குள் வர வேண்டும். வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குடுவையும் வைத்த படத்தைக் காட்டி அறிமுகப்படுத்தினால், விஞ்ஞானி வேறெங்கோ இருப்பவர் ஆகிவிடுவார்.

ஐந்தாம் வகுப்புக்கு இதிலேயே கணக்கும் இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை 40 கிலோ, ஆக 25 மூட்டை ஒரு டன். 40 கிலோ நெல்லை அரைத்தால் சுமார் 27 கிலோ அரிசி. சத்துணவில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி. பள்ளியில் 40 பேர் என்றால் ஒரு நாளைக்கு 4 கிலோ. ஒரு மூட்டை நெல் எத்தனை நாளைக்கு வரும்? ஆறு நாள் முழுசாக, ஏழாம் நாளுக்குக் கொஞ்சம் பற்றாது. “அப்ப ஏழாம் நாள் யார் பட்டினி சார்?” என்று ஒருவன் கேட்டான். அடுத்த மூட்டையைப் பிரிப்போம் என்றேன்.

6. யாரைக் கூப்பிடுவது, வருபவரை எப்படித் தயார் செய்வது

மூன்றாம் வாரத்திலிருந்து வாரத்துக்கு ஒருவர், அதிகம் போனால் இருவர். ஒரே நாளில் ஆறு பேரை வரிசையாக உட்கார வைத்து விழா நடத்தினால் பிள்ளைகளுக்கு நினைவில் நிற்பது மிக்சரும் லட்டும்தான்.

முதலில் கூப்பிட வேண்டியவர் பள்ளிக்குள்ளேயே இருக்கும் சமையலர் அக்கா. பிள்ளைகளுக்குப் பழகியவர், அவருக்கும் கூச்சம் இருக்காது, எங்கே தடங்கும் என்று நமக்கும் ஓர் ஒத்திகை. அப்புறம் கருவியோடு வரக்கூடியவர்கள்: லைன்மேன், தையற்காரர், போஸ்ட்மேன், கொத்தனார், கிராமச் சுகாதாரச் செவிலியர், கால்நடை மருத்துவர். அதிகாரிகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். காரணம் எளிது. கருவி இல்லாதவர் பேச்சை நம்பித்தான் இருக்க வேண்டும், பேச்சு அறிவுரையில்தான் போய் முடியும். ஒரு முறை ஓர் அலுவலரை அழைத்தேன், பொன்னாடை, மாலை எல்லாம் ஏற்பாடு. 45 நிமிடம் ஒழுக்கம் பற்றிப் பேசினார். அவர் அலுவலகத்தில் என்ன செய்கிறார் என்பது எனக்கே கடைசிவரை விளங்கவில்லை.

வருபவரிடம் நேரில் போய் நாலு விஷயம் சொல்லுங்கள். தினமும் கையில் எடுக்கும் கருவிகளைக் கொண்டுவர வேண்டும். நாற்காலி கிடையாது, பிள்ளைகளோடு வட்டமாக உட்கார வேண்டும். 15 நிமிடம் செய்து காட்ட வேண்டும், மீதி நேரம் பிள்ளைகள் கேட்பார்கள். “நல்லாப் படிக்கலன்னா என்னை மாதிரிதான் ஆவீங்க” என்று மட்டும் சொல்லவே கூடாது. கடைசியில் சொன்னதை அழுத்திச் சொல்லுங்கள். நம் ஊரில் உழைக்கிற மனிதர்கள் தங்களைப் பற்றி இந்த வரியைத்தான் முதலில் சொல்வார்கள். அது வாயிலிருந்து வந்துவிட்டால் அதற்கு மேல் அவர் காட்டும் எதையும் பிள்ளைகள் மதிக்க மாட்டார்கள்.

வருபவரின் பிள்ளையோ பேரனோ அதே வகுப்பில் இருந்தால், இன்னாருடைய அப்பா என்று அறிமுகம் செய்ய வேண்டாம். லஸ்கர் வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அந்த லஸ்கர் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஷட்டரைத் தூக்கும் இரும்புக் கைப்பிடியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். எனக்குப் பேசவெல்லாம் வராது சார் என்று முன்பே மூன்று தடவை சொல்லியிருந்தார். கைப்பிடியைத் தரையில் வைத்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். இரண்டாம் வகுப்புப் பாப்பா ஒருத்தி தூக்கிப் பார்த்து, முடியாமல் கீழே வைத்துவிட்டு, “தாத்தா, தண்ணி ராத்திரியும் வருமா?” என்றாள். “வரும் பாப்பா.” “அப்ப நீங்க எப்பத் தூங்குவீங்க?” அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் பேச ஆரம்பித்தார். மழை நாளில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கரையில் நடப்பது, நண்டு வளை வழியாகத் தண்ணீர் கசிந்தால் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பது, மேலே ஒரு மதகைக் கூடுதலாகத் திறந்தால் கீழே கடைமடைக்காரர் வந்து சண்டை போடுவது. அரை மணி நேரம் ஒரு பிள்ளையும் அசையவில்லை.

7. கேள்விகளை முந்தின நாளே தயார் செய்யுங்கள்

அந்தப் பாப்பாவின் கேள்வி போலத் தானாக வருபவை ஒன்றிரண்டுதான். மீதி நேரம் மௌனமாகிவிடாமல் இருக்க முந்தின நாள் ஐந்து கேள்வி எழுதி, ஐந்து பேரிடம் கொடுத்துவிடுங்கள். எப்போதும் கையை உயர்த்தும் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள், அவர்கள் எப்படியும் கேட்பார்கள்.

வேலை செய்யும் கேள்விகள் இவை: இந்தக் கருவி இல்லையென்றால் என்ன செய்வீர்கள்? இதை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள், எவ்வளவு நாளாயிற்று? ஒரு தடவை தப்பாகிப் போனது என்ன? உடம்பில் எங்கே வலிக்கும்? எப்போது சந்தோஷமாக இருக்கும்?

சம்பளம் கேட்கலாமா என்று ஆசிரியர்கள் தயங்குகிறார்கள். எவ்வளவு என்று கேட்க வேண்டாம், எப்படி வருகிறது என்று கேட்கச் சொல்லுங்கள். நடவுக்குப் போகிறவர்களுக்கு நாள் கூலி, அல்லது குழுவாகச் சேர்ந்து ஏக்கர் கணக்கு. மூட்டை தூக்குபவருக்கு மூட்டைக் கணக்கு. அரசு வேலைக்கு மாதச் சம்பளம். படகில் போகிறவருக்குக் கிடைத்த மீனில் பங்கு. கடைக்காரருக்கு விற்றது போக மிச்சம். மழை பெய்தால் யாருக்குக் காசு வராது என்று கேட்டால் நாலாம் வகுப்புப் பிள்ளைகளே பிரித்துச் சொல்லிவிடுவார்கள். பணத்தைப் பற்றி இந்த வயதுக்கு இவ்வளவு போதும்.

8. வெளியே போகும் நாள்

ஆறு வாரத்தில் ஒரே ஒரு தடவை போனால் போதும். நடந்து போகும் தூரத்தில் இருந்தால் இன்னும் நல்லது. இடத்தை முந்தின வாரமே நீங்கள் மட்டும் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். கழிப்பறை எங்கே, நிழல் எங்கே, வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அன்றைக்குப் போய்த் தேடக் கூடாது. பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவராவது கூட வர வேண்டும்.

கொள்முதல் நிலையம் என்றால் லாரி வரும் முன் போய்விடுங்கள். தூற்றும் இயந்திரத்துக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் பிள்ளைகளை உட்கார வையுங்கள், தூசி முகத்தில் அடிக்காது. வீசிங் இருக்கும் பிள்ளைகளை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே காட்ட வேண்டிய முக்கியமான ஒன்று ஈரப்பதம் பார்க்கும் மிஷின். ஒரு கைப்பிடி நெல்லை அதில் போட்டால் எண் தெரியும். வழக்கமான உச்சவரம்பு 17 சதவீதம். அந்த எண் கூடினால் ஒரு குடும்பம் நெல்லைத் திரும்பக் களத்தில் கொட்டிக் காயவைக்க வேண்டும் என்பது அங்கே நிற்கும் பிள்ளைக்குச் சொல்லாமலே விளங்கும்.

எங்களுக்குச் சுவாமிமலை பக்கம் என்பதால் ஒரு முறை சிலை வார்க்கும் பட்டறைக்குப் போனோம். உலோகம் உருக்கி ஊற்றும் நாளில் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகக் கூடாது. மெழுகு வேலை நடக்கும் நாளாகக் கேட்டுப் போனோம். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் முதலில் உருவம் செய்கிறார்கள். அதன் மேல் காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும், உள்ளே உருவத்தின் வெற்றிடம் மட்டும் இருக்கும். அதில்தான் உலோகத்தை ஊற்றுகிறார்கள். இவ்வளவையும் ஒரே மூச்சில் விளக்கினால் பிள்ளைகளுக்குப் பாதிதான் போய்ச் சேரும்.

அவர்களைக் கட்டிப்போட்டது ஒரு தென்னை ஓலைத் துண்டு. சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, மடித்து மடித்து முகத்துக்கு இவ்வளவு, மார்புக்கு இவ்வளவு என்று அளவு குறித்தார் ஒருவர். ஸ்கேலே இல்லை. திரும்பி வந்ததும் வேலியோரத்து ஓலையைக் கிழித்து ஆளாளுக்கு மடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னம் நடத்த எனக்கு அதைவிட நல்ல பொருள் அதுவரை கிடைத்ததில்லை.

போன இடத்தில் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லாதீர்கள். நாலு நாலு பேராகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒரு ஆள், அவருடைய கையை மட்டும் பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். மொத்தமாகச் சுற்றி வந்த பிள்ளை “நல்லா இருந்துச்சு” என்று எழுதும். கையைப் பார்த்த பிள்ளை ஒரு பக்கம் எழுதும்.

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரப் பட்டறை, நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறை, திருபுவனம் தறி, தஞ்சாவூரில் வீணை செய்யும் வீடுகள், வேதாரண்யம் உப்பளம் என்று உங்களுக்கு எது பக்கமோ அது. பெயர் பெற்ற இடம் என்பதற்காக 60 கிலோமீட்டர் வேனில் போகாதீர்கள். பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுத்துக் களைத்துப்போய்த்தான் இறங்குவார்கள். தெருமுனை சைக்கிள் கடை அதைவிட மேல்.

9. விளையாட்டு: சீட்டுக் குலுக்கித்தான் வேடம்

பார்த்ததை நடித்தால்தான் பிள்ளைக்கு அது சொந்தமாகும். எடைத் தராசு, நோட்டு, மணல் நிரப்பிய சின்னப் பைகள் இருந்தால் வகுப்பறையே கொள்முதல் நிலையம். இரண்டு மேசை இருந்தால் அஞ்சலகம்.

வேடத்தை நீங்கள் கொடுக்காதீர்கள், பிள்ளைகளும் தேர்ந்தெடுக்க வேண்டாம். சீட்டுக் குலுக்குங்கள். விட்டுவிட்டால் பெண் பிள்ளைகள் நர்சும் சமையலும், ஆண் பிள்ளைகள் டிரைவரும் போலீசும், கூச்சமுள்ள பிள்ளை நோயாளி என்று அஞ்சு நிமிடத்தில் முடிவாகிவிடும். சீட்டில் வந்தால் எவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

எங்கள் கொள்முதல் நிலையத்தில் எழுத்தராக உட்கார்ந்த இரண்டாம் வகுப்புப் பொடியன், எதிரில் நின்றவனைப் பார்க்காமலே “ஈரம் ஜாஸ்தி, காயவச்சு எடுத்துட்டு வா” என்றான். வீட்டில் எத்தனை தடவை கேட்டிருப்பானோ. சிரித்து முடித்துவிட்டு, “எடுத்துட்டு வாங்க” என்று மட்டும் திருத்தினேன்.

10. கண்ணுக்கு எட்டாத வேலைகளுக்கு ஐந்தாம் வாரம்

ஊர் வேலைகளோடு நிறுத்திவிட்டால் பிள்ளையை ஊருக்குள்ளேயே கட்டிப்போட்டது போல் ஆகிவிடும். ஆனால் பைலட், கம்ப்யூட்டர் என்ஜினியர் என்று படம் காட்டினால் பழைய பட்டியலில் இரண்டு பெயர் கூடும், வேறொன்றும் நடக்காது. தெரிந்த வேலையிலிருந்து கயிறு நீட்டுங்கள்.

லஸ்கர் மதகை எவ்வளவு திறப்பது என்று யார் சொல்கிறார்? பொறியாளர். மழை வரும் என்று பொறியாளருக்கு யார் சொல்கிறார்? சென்னையில் வானிலை மையத்தில் இருப்பவர். அவருக்கு மேலிருந்து படம் எங்கிருந்து வருகிறது? செயற்கைக்கோள். அதை யார் செய்தார்? நாலு கேள்வியில் மதகிலிருந்து விண்வெளிக்குப் போய்விடலாம். கடலோரப் பள்ளியில், மீன் எங்கே அதிகம் கிடைக்கக்கூடும் என்று கடல் நீரின் வெப்பத்தையும் நிறத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனத்தார் சொல்லும் தகவலிலிருந்து தொடங்கலாம்.

டெல்டாவில் இன்னொரு கயிறு தயாராகவே இருக்கிறது. கேட்காமலே பிள்ளைகள் சொல்வார்கள்: “எங்கப்பா சிங்கப்பூர்.” இன்னொன்று “துபாய்” என்னும். ஊர்ப்பெயரே வேலையின் பெயராகிவிட்டது. அங்கே போய் என்ன செய்கிறார் என்று பல பிள்ளைகளுக்குத் தெரியாது, சில அம்மாக்களுக்கும் தெரியாது. விருப்பமுள்ள குடும்பங்களிடம் மட்டும் சொல்லி, மூன்று நிமிட வாட்ஸ்அப் குரல் பதிவு கேளுங்கள்: காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள், வேலையில் முதலில் கையில் எடுப்பது என்ன? வெளிநாட்டில் சாரம் கட்டும் ஒருவர் இடுப்பு பெல்ட்டின் கொக்கியை எங்கே மாட்டுவது என்று சொன்னதும், “லைன்மேன் அண்ணன் மாதிரியே!” என்று மூன்று குரல் ஒன்றாகக் கேட்டது. அந்தப் பதிவை அவர் பிள்ளை கேட்கும்போது முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதிவைப் பள்ளிக்கு வெளியே யாருக்கும் அனுப்பக் கூடாது. இதைக் குடும்பத்துக்கு முன்பே உறுதி கொடுங்கள், கொடுத்த உறுதியைக் காப்பாற்றுங்கள்.

11. ஆறாம் வாரம்: எப்படிச் சரிபார்ப்பது, எப்படி முடிப்பது

தேர்வு வேண்டாம். முதல் வாரத்து நோட்டுப் பக்கத்தையும் இந்த வாரத்துப் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று விஷயம் மாறியிருந்தால் சரி: வினைச்சொற்கள் கூடியிருக்கின்றனவா, கருவிகளின் பெயர் வந்திருக்கிறதா, எல்லாருக்கும் “ஆர்” போட்டிருக்கிறார்களா. மாறாத பிள்ளை இருந்தால் பெரும்பாலும் அது நாட்கணக்கில் வராத பிள்ளையாக இருக்கும். அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்.

பரணில் போட்ட இரண்டாவது கேள்வியை இப்போது எடுக்கலாம், கொஞ்சம் மாற்றி. “எந்த வேலைய ஒரு நாள் கிட்ட நின்னு பார்க்கணும்னு ஆசை?” பதில்களைச் சுவரில் எழுதாதீர்கள், பெற்றோரிடம் சொல்லாதீர்கள். அடுத்த வாரமே மாறிவிடும், மாறட்டும். டாக்டர் என்று சொன்ன பிள்ளை லாரி டிரைவர் என்று மாற்றிச் சொன்னதற்காக வீட்டில் அடி வாங்கிய கதை எங்கள் பள்ளியிலேயே உண்டு.

கடைசிப் பாடவேளையில் வந்தவர்களுக்கெல்லாம் அஞ்சலட்டை எழுதுவோம். ஒரு பக்கம் அவர் கொண்டுவந்த கருவியின் படம், மறுபக்கம் இரண்டு வரி. முகவரியும் பின்கோடும் பிள்ளைகளே எழுத வேண்டும், போஸ்ட்மேன் வந்தபோது கற்றுக்கொடுத்ததுதான். லஸ்கருக்குப் போன அட்டையில் இரும்புக் கைப்பிடி படகுத் துடுப்பு மாதிரி இருந்தது. கீழே, “தாத்தா, பகல்ல தூங்குங்க” என்று எழுதியிருந்தாள்.

யார் வந்தார்கள், என்ன கொண்டுவந்தார்கள், எத்தனை நிமிடம் பிள்ளைகள் அசையாமல் இருந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பள்ளி அலமாரியில் வையுங்கள். நீங்கள் மாறுதலில் போனாலும் அடுத்து வருபவருக்கு அது வேண்டும். மார்கழி பிறந்ததும் அந்தத் தாளை எடுத்து, முதல் பெயரிலிருந்து நேரில் போய்க் கேட்க ஆரம்பிக்கலாம்.